காசிக்கு வழி கேட்டவர்கள்

பத்துப்பாட்டு என்று முன்னோர் தொகுத்துவைத்த பத்து நெடும்பாட்டுகளில் ஐந்து, அதாவது சரிபாதி, வழி சொல்லுவதற்கென்றே பிறந்தவை. ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்று நிறைந்த கையோடு திரும்புகிற பாணனோ பொருநனோ கூத்தனோ, எதிரே பசியும் கந்தையுமாக வருகிற தன் இனத்தானைப் பாதையிலே நிறுத்தி, நான் போய் வந்தேன், நீயும் போ, இன்ன வழியாகப் போ, இடையில் இன்ன ஊர் வரும், அங்கே இன்னது உண்ணக் கிடைக்கும் என்று விரித்துரைப்பதே ஆற்றுப்படையின் இலக்கணம். தொல்காப்பியரே இதற்குப் புறத்திணையில் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்றால், பிரயாணிக்கு வழி சொல்லுவது நம் நாட்டில் எவ்வளவு பழமையான, எவ்வளவு கௌரவமான காரியமாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டுகளில் வள்ளலின் கீர்த்தியைப் பாடும் பகுதிகளை ஒதுக்கிவிட்டு, வழி சொல்லும் பகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு, எயிற்பட்டினத்துக் கடற்கரையில் பழந்தேறலும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் குடிசையில் புளியிட்டுச் சமைத்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்று, ஊர்வாரியாகப் போஜன விவரமே எழுதித் தந்துவிடுகிறது சிறுபாணாற்றுப்படை. நன்னனுடைய செங்கண்மா நகருக்கு மலைவழியாகச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாமோ, உணவோடு நில்லாமல் அபாயங்களையும் கணக்கிடுகிறது: தினைப்புனத்தில் பன்றியைப் பிடிக்க மாட்டிவைத்த கற்பொறிகள் உண்டு, பார்த்து நட, பரண்மேல் இருப்பவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே ஒதுங்கிப் போ, பாசி படிந்த பாறையில் கால் வழுக்கும், பற்றிக்கொண்டு இறங்கு. இவற்றுக்கெல்லாம் சிகரமாக ஒரு யோசனையும் அதில் இருக்கிறது. பாதைகள் கூடும் இடத்தில், பின்னால் வரப்போகும் புதியவர்கள் திகைக்காதபடி, தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். வழி கேட்டவன் வழி சொல்லுகிறவனாகவும் ஆகவேண்டும் என்ற தர்மத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இலக்கியம் வேறு மொழிகளில் உண்டோ, அறியேன். ஆற்றுப்படை வள்ளல்களுக்குச் செய்த விளம்பரமே என்று சொல்லுவாரும் உண்டு. விளம்பரமாகவே இருக்கட்டும், பன்றிக்கு வைத்த பொறியை எந்த விளம்பரக்காரர் எடுத்துச் சொல்லுகிறார்?

வழி சொல்லுகிறவருக்குத் தம்முடைய நோக்கம் ஒன்று இருப்பதும், அது வழியோடு கலந்து வருவதும் அன்றைக்கே தெரிந்த சங்கதிதான். சிலப்பதிகாரத்தில், மதுரைக்குப் புறப்பட்ட கோவலன், திருவரங்கமும் திருவேங்கடமும் தரிசிக்க வந்த மாங்காட்டு மறையோனைச் சந்தித்து வழி கேட்கிறான். கொடும்பாளூர் நெடுங்குளத்துக்கு அப்பால் பாதை மூன்றாகப் பிரியும் என்று தொடங்கும் மறையோன், வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், இடையிலே ஊர்களும் காடும் கலந்த நடுவழி என்று தெளிவாகவே சொல்லுகிறான். ஆனால் திருமால்குன்றத்துப் பிலத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் அவனுக்கு உற்சாகம் மிகுந்துவிடுகிறது; அங்குள்ள மூன்று பொய்கைகளில் நீராடினால் கிடைக்கும் சித்திகளை அடுக்கிக்கொண்டே போகிறான். உடன் இருந்த சமணத் துறவி கவுந்தியடிகள், அந்தப் பொய்கைகளால் எங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று மறுத்துவிட்டு, வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறார். பிரயாண விவரம் சேகரிப்பவர் எவரும் கவுந்தியடிகளிடம் ஒரு பாடம் படிக்கலாம்.

மாங்காட்டு மறையோனின் சுபாவம் பிற்கால ஸ்தலபுராணங்கள் அத்தனையிலும் படிந்திருக்கிறது. தமிழன் தன் ஆயுளில் செய்ய ஆசைப்பட்ட பெரும் பிரயாணம் காசி யாத்திரை. சேதுவில் நீராடி, அங்கே எடுத்த மணலைப் பிரயாகையில் திரிவேணியிலே சேர்த்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்தால்தான் அது பூர்த்தியாகும் என்பது சம்பிரதாயம். இத்தனை பெரிய யாத்திரைக்குப் புறப்படும் கிருஹஸ்தன் கையில் என்ன புத்தகம் இருந்தது? பதினாறாம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் தமிழில் பாடிய காசிகாண்டம் இருந்தது. அதே நூற்றாண்டில் காசியில் வாழ்ந்த நாராயண பட்டர் வடமொழியில் எழுதிய திரிஸ்தலீசேது இருந்தது. பின்னது பிரயாகை, காசி, கயை ஆகிய மூன்று ஸ்தலங்களிலும் எங்கே முண்டனம், எங்கே பிண்டம், எங்கே தானம் என்பதைத் துளி சந்தேகமில்லாமல் விதிக்கும் நூல். ஆனால் காஞ்சீபுரத்திலிருந்து கோதாவரி எத்தனை நாள் நடை, அதற்கப்பால் எந்தச் சீமையில் கள்ளர் பயம், எந்த மாதத்தில் நர்மதையைக் கடக்க முடியாது என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் தேடிப் பயனில்லை. போய்ச் சேர்ந்த பிறகு செய்யவேண்டியதை எல்லாம் சொன்ன நூல்கள், போய்ச் சேருவதைப் பிரயாணியின் புண்ணியத்துக்கே விட்டுவிட்டன.

ஆகவே நூலில் கிடைக்காததை வாயில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இந்த வாய்ச் செய்திகளின் சந்தைகளாக விளங்கியவை சத்திரங்கள். தஞ்சை மராட்டிய அரசர்கள் சேது மார்க்கத்தில் வரிசையாகக் கட்டிவைத்த சத்திரங்களில் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் பேர்போனது. அந்தச் சத்திர தர்மங்களுக்குக் குறைவு வராமல் காக்கவேண்டும் என்று கேட்டு, 1801-இல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் அங்கே தங்கி உண்பதையும், நோயுற்றவர்களுக்கு வைத்தியம் நடப்பதையும் விவரித்திருக்கிறார். அன்னமும் மருந்தும் கணக்கில் ஏறின. கணக்கில் ஏறாத மூன்றாவது தர்மம் ஒன்று திண்ணையில் நடந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து கங்கைக் காவடியோடு வந்த பைராகியும், தெற்கிலிருந்து காசிக்குப் புறப்பட்ட குடும்பமும் ஒரே தூணில் சாய்ந்து இரவைக் கழித்தால், அரைகுறை ஹிந்துஸ்தானியிலும் கை ஜாடையிலுமாக, எந்த ஆற்றில் ஓடக்காரன் ஏமாற்றுகிறான், எந்த ஊர்ச் சாவடியில் சுங்கம் பிடுங்குகிறார்கள் என்பதெல்லாம் கைமாறிவிடும். இது தவிர, காசிக்குப் போய்த் திரும்பியவர் ஒருவர் அக்கம்பக்கத்து ஊரில் இருந்தால் போதும். யாத்திரை நினைப்புள்ளவர்கள் வெற்றிலை பாக்கு பழத்தோடு அவரைத் தேடிப் போய் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்கள். அவர் சொல்லும் கதையில் நான்கில் ஒரு பங்கு மிகையாக இருக்கலாம். ஆனாலும் அவர் உயிரோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே, எந்தப் புத்தகத்துக்கும் இல்லாத அத்தாட்சியாக இருந்தது.

இப்படித் திண்ணையோடு கரைந்துபோன கோடானுகோடி வார்த்தைகளுக்கு நடுவே, ஒருவர் மட்டும் கண்டதை அன்றன்று எழுதிவைத்தார். அவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி ஐயர். 1830-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி, பல்லக்குப் போகிகளும் பரிஜனங்களும் உறவினருமாக ஏறக்குறைய நூறு பேரோடு சென்னையை விட்டுப் புறப்பட்டவர், திருப்பதி, அகோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகையும் காசியும் சேர்ந்து, கயை, கல்கத்தா, பூரி ஜகந்நாதம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, கீழைக் கடற்கரை மார்க்கமாக 1831 செப்டம்பர் 3-ஆம் தேதி ஊர் திரும்பினார். வழிநெடுக அவர் தம் சிநேகிதர் கோமலேசுவரன்பேட்டை ஸ்ரீனிவாஸ பிள்ளைக்குத் தெலுங்கில் கடிதம் எழுதிக்கொண்டே போனார். அவற்றையெல்லாம் ஸ்ரீனிவாஸ பிள்ளை ஒழுங்குபடுத்தி, 1838-இல் காசியாத்ர சரித்ர என்ற பெயரில் அச்சிட்டார். அச்சைப் பார்க்க ஆசிரியர் இல்லை; இரண்டு வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்.

கோர்ட்டிலே சாட்சிகளின் வாக்குமூலத்தை ஒரு பாஷையிலிருந்து மற்றொரு பாஷைக்குப் பிசகில்லாமல் மாற்றிப் பழகியவர் எழுதிய புஸ்தகம் என்பது அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஓர் ஊருக்கு வந்து இறங்கியதும் அவர் முதலில் பார்ப்பது கோயில் கோபுரத்தை அல்ல. தங்க இடம் உண்டா, கடைகள் உண்டா, குடிநீர் கிணற்றிலிருந்தா குளத்திலிருந்தா, பிராம்மணர் வீடுகள் எத்தனை, கூடாரம் அடிக்கத் தோப்பு நிழல் இருக்கிறதா என்பவற்றைத்தான். பாதை கரிசல் மண்ணா, கல்லா, மழை பெய்தால் சேறாகுமா என்று குறித்துக்கொள்ளுகிறார். எந்தச் சாமான் எங்கே கிடைக்காது, எதை முன்னூரிலேயே வாங்கிக்கொள்ளவேண்டும் என்று எச்சரிக்கிறார். எந்த ஊரில் அரசாங்கம் சுமாராக நடக்கிறது, எங்கே குடிகள் நொந்து கிடக்கிறார்கள் என்பதும் இடையிடையே வந்து விழுகின்றன. ஸ்தலமாகாத்மியத்தை அவர் விடவில்லை. வேதாந்த விசாரமும் நிறையச் செய்கிறார், சில இடங்களில் அளவுக்கு மிஞ்சியே செய்கிறார். ஆனால் மாகாத்மியம் ஒரு பக்கம் என்றால் கிணறும் கடையும் ஒரு பக்கம் என்று பிரித்துவைத்த நிதானம், அதற்கு முன்பு நம் பக்கத்து எழுத்தில் எங்கும் காணாதது. பன்றிப் பொறியைச் சொன்ன மலைபடுகடாத்துப் புலவர் பலநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோர்ட்டு துபாஷியாகப் பிறந்து வந்தார் என்று சொன்னால் மிகையாகாது. இந்த நாட்டு யாத்திரிகன் இந்த நாட்டு யாத்திரிகனுக்காக எழுதிய வழிநூல்களில் இதற்கு முதல் ஸ்தானம் கொடுக்க நான் தயங்கமாட்டேன். இதற்குப் பிறகு, 1859-இல் லண்டன் மர்ரே கம்பெனியார் ஈஸ்ட்விக் என்பவரைக் கொண்டு சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கு ஒரு கைப்புத்தகம் வெளியிட்டார்கள். நேர்த்தியான புத்தகம்தான். ஆனால் அது துரைமார்களுக்கும் முகாம் பங்களாக்களுக்கும் உரியது. சத்திரத்துத் திண்ணையில் படுக்கிறவனுக்கு அதில் ஒரு வரியும் உதவாது.

காசியை அடைந்த பிறகு யாத்திரிகனுக்கு வேறொருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அவரே பண்டா. பண்டாக்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன யாத்திரிகர்கள் அபூர்வம். பணம் பறித்தார்கள், சங்கல்பத்தின் நடுவே ஆற்றில் நிறுத்திக்கொண்டு தக்ஷிணையைப் பேரம் பேசினார்கள் என்ற புகார்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவை, பொய் என்று தள்ளக்கூடியவையும் அல்ல. ஆயினும் அவர்களுடைய வித்தையை வியக்காமல் இருக்க முடியாது. வந்தவரைப் பார்த்து, எந்த ஜில்லா, எந்த ஊர், என்ன குலம், பாட்டனார் பெயர் என்ன என்று நான்கு கேள்வி கேட்பார்கள். நீண்ட ஏடுபோல் மடித்துத் துணி உறையில் கட்டிவைத்த பஹி என்னும் குறிப்பேட்டை அவிழ்த்து, பக்கங்களைத் தள்ளி, ஓரிடத்தில் விரலை வைப்பார்கள். அங்கே, அறுபது எழுபது வருஷத்துக்கு முன் வந்துபோன கொள்ளுப்பாட்டனார், தாம் வந்த வருஷமும் மாதமும், உடன் வந்தவர்களின் பெயரும் எழுதி, இனி என் வம்சத்தார் வந்தால் இவர் குடும்பத்தையே புரோகிதராகக் கொள்ளவேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். மொழி தெரியாத சீமையில், மாமன் மச்சானை அறியாத ஊரில், தன் வீட்டுக் கையெழுத்தைத் தமிழிலே கண்டவன் அப்புறம் பேரம் பேசுவானா? யாத்திரிகன் ஸ்தலத்தைப் பற்றி விவரம் சேகரிக்கிறான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, ஸ்தலம் யாத்திரிகனைப் பற்றி விவரம் சேகரித்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தது என்பதே உண்மை.

எழுத்து அறியாதவர்களுக்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிரயாகையில் மாக மேளாவின்போது, லக்ஷக்கணக்கான ஜனங்கள் மணற்பரப்பில் குவிந்துகிடக்க, பிரயாகவால் எனப்படும் அவ்வூர்ப் பண்டாக்கள் ஒவ்வொருவரும் தம் கூடாரத்துக்குமுன் நெடிய மூங்கிலில் கொடி ஒன்று ஏற்றி, அதில் மீன், யானை, தேங்காய் என்று தம் குடும்பத்துக்கு உரிய சின்னத்தைப் பறக்கவிடுவார்கள். ஊருக்குத் திரும்பிய கிழவி, அடுத்து போகிறவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: யானைக்கொடியைத் தேடிப் போ. வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகளுக்கு இடையே ரயில் வந்து சேர்ந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடத் தொடங்கிய வண்டி, 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அதற்கு முந்தின வருஷமே பம்பாயிலிருந்து ஜபல்பூர் வழியாக அலகாபாத்துக்குத் தொடர்பு ஏற்பட்டிருந்தபடியால், வீராசாமி ஐயர் மாதக்கணக்கில் பல்லக்கில் போன தூரம் நாள்கணக்கில் அடங்கிற்று. 1887-இல் காசியில் கங்கைக்குமேல் டப்பரின் பாலம் திறக்கப்பட்டதும், வண்டியிலிருந்தபடியே கட்டங்களின் வரிசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாக்கியமும் வாய்த்தது. வழிப்பறி பயமும் காட்டு ஜுர பயமும் போயின. அவை போன இடத்தில் வண்டி மாறும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த ஜங்ஷனில் இறங்குவது, அடுத்த கம்பெனி வண்டி எத்தனை மணிக்கு, அதுவரை எங்கே காத்திருப்பது என்பவை புதிய புராணத்தின் புதிய சந்தேகங்கள். கல்கத்தாவில் அச்சான நியூமன் கம்பெனியாரின் இந்தியன் பிராட்ஷா என்னும் கால அட்டவணைப் புத்தகத்தில் இவற்றுக்கு விடை இருந்தது உண்மையே. ஆனால் பொடி எழுத்து இலக்கங்களும் அடிக்குறிப்புகளும் நிறைந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படிப்பதற்கென்றே ஊரில் ஒருவர் தேர்ச்சி பெற்றிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டரோ, பள்ளிக்கூட உபாத்தியாயரோ, தாலூகா குமாஸ்தாவோ, அவர் காகிதத் துண்டில் தமிழில் எழுதிக் கொடுத்த சீட்டே மூன்றாம் வகுப்பு யாத்திரிகனின் வேதம். தென்னாட்டுக்காரனுக்கு அந்த அட்டவணையில் ஒரு சௌகரியமும் இருந்தது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் மதராஸ் நேரப்படியே ஓடின. காசிக்காரன் தன் ஊர்ப் பொழுதுக்கும் ஸ்டேஷன் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, சென்னைவாசி தன் இடுப்புக் கடிகாரத்தைத் திருத்தாமலே அங்கே போய் இறங்கலாம்.

1879-இல் கால் அணா விலையில் வந்த தபால் கார்டு, ரயிலைப் போலவே பெரிய மாறுதலைச் செய்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-இல் காசியில் நிறுவிய நகரச் சத்திரமும், அனுமார் கட்டத்தைச் சுற்றித் தலைமுறைகளாகக் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்களும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் அமைத்த மடத்தின் தொடர்பும், அங்கே தமிழ் கேட்கக்கூடிய இடங்கள் என்பது முன்பே தெரிந்திருந்தது. இப்போது, புறப்படுமுன்னே ஒரு கார்டு போட்டு, இன்ன தேதியில் இத்தனை பேர் வருகிறோம், இடம் கிடைக்குமா, குளிர் எப்படி, அரிசி கிடைக்கிறதா என்று கேட்டு, பதிலும் பெற்றுக்கொள்ள முடிந்தது. போய் வந்தவரைத் தேடி அலைந்த காலம் மாறி, அங்கேயே இருப்பவரைக் கேட்கும் காலம் தொடங்கிற்று.

போய் வந்தவர்களும் வாளாவிருக்கவில்லை. கோயமுத்தூரில் பத்திரிகையும் அச்சுக்கூடமும் நடத்தி, சிறுவாணித் தண்ணீருக்காகப் பாடுபட்ட சே. ப. நரசிம்மலு நாயுடு, வடநாட்டில் தாம் செய்த யாத்திரையை வைத்து, ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம் என்னும் நூலை 1889-இல் தமிழில் வெளியிட்டார். ரயில்வேக் கம்பெனியார் ஆங்கிலத்தில் போட்ட படவிளக்கக் கைப்புத்தகங்களும் வந்தன. பின்னாளில் பயண எழுத்தாளர் சோமலெ ஜில்லா ஜில்லாவாக எழுதிக் குவித்தார். ஏ. கே. செட்டியார் தாம் உலகம் சுற்றியதோடு நில்லாமல், பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் சிதறிக்கிடந்த பிறருடைய பயணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டி, 1968-இல் தமிழ்நாடு என்ற பெயரில் தொகுத்தார். அந்தத் தொகுப்பைப் புரட்டுகிறவர்களுக்கு, இன்னும் எவ்வளவு எழுதப்பட்டு எவ்வளவு தொலைந்திருக்கும் என்ற எண்ணம் வராமல் இராது.

ஏனென்றால் அச்சேறியவை மிகச் சில. ரயில் காலத்தில் காசிக்குப் போன குடும்பங்கள் பலவற்றில், செலவுக் கணக்கு எழுதிய சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்திருக்கும்: இன்ன ஜங்ஷனில் கூலிக்கு இரண்டணா, இன்ன சத்திரத்தில் எண்ணெய் இல்லை, கயையில் விட்ட காய் இன்னது, பழம் இன்னது என்று. காசியிலிருந்து ஊருக்குப் போட்ட கார்டுகளும், பண்டா தந்த முகவரிச் சீட்டும் அதனுள் செருகியிருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ அப்படி ஒன்று அகப்பட்டால், கிறுக்கல் என்று எண்ணிப் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால், ஒரு பிரதியாவது எடுத்து அனுப்புங்கள்.